அரைப்பேர்

பந்தலூரில் மழை, ஒன்பதாவது நாள்.
ஜெராக்ஸ் மெஷின் ஈரத்தாளை மென்று துப்புகிறது.
நகலை நகலெடுத்தால்
முதலில் புள்ளி போகும், அப்புறம் சுழி;
ஐந்தாவது நகலில்
வீரமலை வரமலை ஆகிவிடுவார்.
பதினோரு வருடம் ஊரார் சான்றிதழைப் பார்த்துப் பார்த்து
நான் கற்றது இவ்வளவுதான்.

தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார்.
மூவாயிரம் ரூபாய்க்கு வம்சாவளி.
லேமினேஷன், மேலே வாள், பக்கத்தில் மயில்.
எங்கள் லயத்துக்கு மட்டும்
நான்கு சேனாதிபதிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.
"எதில் பார்த்தீங்க?"
"ஓலையில."
"ஓலை எங்க?"
"கரையான்."
அத்தை மகன் அதைச் சட்டம் போட்டு மாட்டி
படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.
இப்போது நாற்பது வீட்டில் சேனாதிபதி.
நாற்பது பேர் சொன்னால் நாற்பது சாட்சியாம்.
எல்லாம் ஒரே மெஷினில் வந்த தாள்.

என்னிடம் தாத்தாவின் பாஸ்போர்ட் இருக்கிறது.
நெஞ்சில் சிலேட்டு, சிலேட்டில் எண்.
பிறப்பு 1921. குடும்ப அட்டையில் 1926.
பொய் என்று சொல்லமாட்டேன்;
ஐந்து வயதைக் கழித்தால்தான் வேலை என்றிருக்கலாம்.
பூர்வீகம் கல்லூர், திருச்சி ஜில்லா.
கிடைத்த கல்லூர்களுக்கெல்லாம் கடிதம் போட்டேன்.
ஒன்றிலிருந்து பதில் வந்தது:
எந்தக் கல்லூர்?

மஸ்கெலியாவிலேயே தங்கிவிட்ட கிளையில் புவனேசு.
தோட்டத்து ஆபீஸ் பரணில் ஏறி
செக்ரோலைப் படமெடுத்து அனுப்பினாள்.
1949. பூச்சி தின்றது போக மிச்சம்.
214, வீரமலை.
மார்ச் வரை சம்பளத்துக்கு எதிரே கையெழுத்து,
ரகரத்தின் வால் நீண்டு அடுத்த கட்டத்தில் இறங்கும்.
ஏப்ரலில் ஒரு பேர், ஒரு பேர், அரைப்பேர்,
அப்புறம் வெறும் கோடு.
மே மாதம் மறுபடி 214, வீரமலை, முழுப்பேர்.
எதிரே பெருவிரல் ரேகை.

எழுதத் தெரிந்தவருக்கு ஒரே மாதத்தில் மறந்துபோகுமா?
கையில் கவ்வாத்துக் கத்தி பட்டிருக்கலாம்.
கணக்கப்பிள்ளைக்கு அவசரமாக இருந்திருக்கலாம்.
இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்தேன்.
மூன்று மாதம் வேறெதுவும் எழுதவில்லை.

பிறகு செலவுப் புத்தகம் வந்தது.
ஏப்ரல் 19. பலகை, ஆணி, கோடித்துணி.
ரூபா ஒன்பது, சதம் நாற்பது.
பற்று: 214.

செத்தவன் கணக்கிலேயே சவப்பெட்டி.
கடன் தீரும்வரை நம்பர் சாகக்கூடாது.
யாரையோ கொண்டுவந்து
அந்தப் பேரில் பிரட்டுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.
நிறுத்தப்பட்டவர் பேரை இறக்கி வைக்கவேயில்லை.
தலைமன்னாரில் அதோடு கப்பலேறினார்,
மண்டபம் முகாமில் அதற்குத்தான் கஞ்சி வாங்கினார்,
இங்கே வந்து பள்ளிக்கூடத்தில்
வீ. தருமன் என்று என் அப்பாவைச் சேர்த்தார்.

என் எழுத்து த. அது சரி.
அப்பாவின் எழுத்துதான் அடுத்தவருடையது.

சித்தப்பா சொல்கிறார், செத்தவரின் தம்பியாம் அவர்.
யார் சொன்னது?
"அப்பாவே சொன்னாரு, தீபாவளிக்கு முந்தின ராத்திரி."
அதையும் எழுதினேன், பென்சிலில்,
ராத்திரி என்பதையும் விடாமல்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை.
ஆடி அமாவாசைக்கு
ஒரு இலை போடும் இடத்தில் இரண்டு போட்டார்.
முதல் இலை முன்னால்
வீரமலை என்று கூப்பிட்டார்.
அடுத்த இலைக்கு வாய் திறந்து
கொஞ்ச நேரம் நின்று
சோற்றில் நெய்யை ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

கட்டத்தில் பேர் எழுதவேண்டிய இடத்தில்
அந்தப் பெருவிரலை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
அசல் அல்ல.
புவனேசின் போனிலிருந்து என் போனுக்கு,
அங்கிருந்து தாளுக்கு.
மூன்றாவது நகல் என்று
ஓரத்தில் குறித்திருக்கிறேன்.